கார்பன் ரிம்முக்கு எந்த பிரேக் கட்டை? தேர்ந்தெடுப்பது முதல் மாட்டி இறங்குவது வரை

ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்பேன். முன் சக்கரத்திலிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். மணல் ஏதோ ஒட்டியிருக்கும் என்று நினைத்து இன்னும் நாலு வளைவு இறங்கினேன். கீழே வந்து நிறுத்தி ரிம்மின் மேல் நகத்தை ஓட்டினால், ஓரிடத்தில் நகம் தட்டி நின்றது. முடி அளவுக்கு ஒரு கோடு, சக்கரம் முழுக்கச் சுற்றி வந்திருந்தது. பிரேக் கட்டையைக் கழற்றி வெயிலில் காட்டினேன். ரப்பருக்குள் அரைக் கடுகு அளவில் ஏதோ பளபளத்தது. அலுமினியத் துகள்.

நடந்தது இதுதான். முந்தின நாள் வரை அலுமினிய ரிம் சக்கரங்களில் ஓட்டிக்கொண்டிருந்தேன். விடியற்காலை அவசரத்தில் கார்பன் சக்கரங்களை மாற்றினேன், பிரேக் கட்டைகளை மாற்றவில்லை. அலுமினிய ரிம்மிலிருந்து உதிர்ந்த துகள் கட்டைக்குள் புதைந்திருந்து, கார்பனை உளி போலக் கீறிவிட்டது. ரிம் உடையவில்லை, ஆனால் அந்தக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன். பழைய கார்பன் சக்கரங்களை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு இது உதவும். டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே கட்டை பிடிப்பது ரிம்மை அல்ல, தனித் தகட்டை. 2018 ஜூலையில் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யூ.சி.ஐ. முழு அனுமதி கொடுத்த பிறகு, பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ரிம் பிரேக்கை விட்டு விலகின. அதனால்தான் நல்ல ரிம் பிரேக் கார்பன் சக்கரங்கள் இப்போது கொஞ்சம் மலிவாகக் கைமாறுகின்றன. வாங்குவது தப்பில்லை, கட்டையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்.

கார்பனுக்கு ஏன் தனிக் கட்டை

சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும்போது வேகம் எங்கேயும் காணாமல் போவதில்லை, வெப்பமாக மாறுகிறது. எவ்வளவு வெப்பம்? நீங்களும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். 1000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 833 கிலோஜூல். 25 டிகிரியில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க இரண்டு ரிம்களிலும் நாலு கட்டைகளிலும்தான் இறங்க வேண்டும்.

அலுமினிய ரிம் இதைச் சமாளிக்கும். அலுமினியப் பாத்திரத்தின் ஒரு ஓரம் சூடானால் மறு ஓரமும் உடனே சுடுகிற மாதிரி, வெப்பம் ரிம் முழுக்கப் பரவிக் காற்றில் கலந்துவிடும். கார்பன் ரிம் என்பது கார்பன் இழைகளை எபாக்சி ரெசினில் ஒட்டி இறுக்கியது. இதில் வெப்பம் உள்ளே சுலபமாகப் பரவாது. கட்டை உரசும் பட்டையிலேயே தேங்கும். ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் ரெசின் இளக ஆரம்பிக்கும். அந்த அளவைத்தான் 'டி.ஜி.' என்று ஸ்பெக்கில் போடுகிறார்கள். இழை கருகாது, ஆனால் இழையைப் பிடித்து வைத்திருக்கும் பசை தளர்ந்தால் இழை மட்டும் இருந்து என்ன பயன்?

கிளின்ச்சர் ரிம்மில், அதாவது டயரின் ஓரம் ரிம்மின் சுவர்களுக்குள் கவ்வி உட்காரும் வகையில், இன்னொரு தொல்லையும் உண்டு. டயருக்குள் இருக்கும் காற்று ரிம்மின் இரண்டு சுவர்களையும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பசை இளகிய நேரத்தில் அந்தத் தள்ளல் சேர்ந்தால் சுவர் வெளியே உப்பும். கையால் தடவினால் புடைப்பு தெரியும். பிரேக் பிடித்தால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டக்' என்று தட்டும். அப்படித் தட்டினால் அந்த ரிம்மை அதோடு நிறுத்திவிடுங்கள், ஒட்டு வேலை எதுவும் எடுபடாது. டயரைப் பசை போட்டு ஒட்டும் டியூபுலர் ரிம்மில், டயரை இறுக்கிப் பிடிக்கும் சுவர்களே கிடையாது என்பதால் இந்த ஆபத்து குறைவு. ஆனால் சூட்டில் டயரை ஒட்டிய பசை இளகலாம், அது வேறு கதை.

கார்பனுக்கான கட்டை இரண்டு வேலை செய்ய வேண்டும்: பிடிக்கவும் வேண்டும், ரிம்மைத் தீய்க்காமலும் இருக்க வேண்டும். தேய்மானத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு ரிம்மைக் காப்பாற்றும் வகையில் அதன் கலவை இருக்கும். சாதாரண ரப்பர் கட்டை சூட்டில் இளகி ரிம்மில் அப்பிக்கொள்ளும், பிடியும் சீராக இருக்காது.

முதலில்: உங்கள் ரிம் உண்மையிலேயே கார்பன்தானா

சிரிக்காதீர்கள், இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கறுப்பாகவும் உயரமாகவும் இருப்பதெல்லாம் முழு கார்பன் ரிம் அல்ல. ஹெட் நிறுவனத்தின் ஜெட் வகைச் சக்கரங்களில் மேலே கார்பன் போர்வை, ஆனால் கட்டை படும் பட்டை அலுமினியம். ஷிமானோவின் சி24 வகையும் அலுமினியத்தின் மேல் கார்பன் போர்த்தியதுதான். இவற்றுக்கு அலுமினிய ரிம்முக்கான கட்டைதான் போட வேண்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். கட்டை உரசும் பட்டையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். வெள்ளியாக மின்னினால் அலுமினியம். கறுப்பாக, இழை நெசவோ மெல்லிய வரிகளோ தெரிந்தால் கார்பன். ஒரு விதிவிலக்கு உண்டு: மாவிக்கின் எக்ஸாலித் ரிம் கறுப்பாகவே இருக்கும், ஆனால் அது மேற்பரப்பு பதப்படுத்திய அலுமினியம். அதற்குத் தனிக் கட்டை இருக்கிறது.

அடுத்து: ரிம் செய்தவர் என்ன சொல்கிறார்

'எது சிறந்த பிரேக் பேட்' என்று கேட்பதே தவறான கேள்வி. உங்கள் ரிம்மின் மேற்பரப்புக்குப் பொருந்துவது எது என்றுதான் கேட்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் பட்டையை ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. அதோடு சேர்த்துச் சோதித்த கட்டையைத்தான் பரிந்துரைக்கிறது. வேறு கட்டை போட்டு ரிம் கெட்டால் வாரண்டியும் கைவிரித்துவிடும்.

காம்பக்னோலோவின் போரா வகைகளுக்கு அவர்களுடைய சிவப்புக் கட்டை. ஸிப் சக்கரங்களுக்கு டான்ஜென்ட் பிளாட்டினம் ப்ரோ ஈவோ. ஸிப்பின் என்.எஸ்.டபிள்யூ. வகைகளில் பட்டையிலேயே சிலிக்கான் கார்பைடு கலந்து வரி போட்டிருப்பார்கள், ஈரத்தில் பிடிப்பதற்காக. ரெய்னால்ட்ஸ் என்றால் கிரையோ ப்ளூ. கோரிமா கார்க் கட்டையோடு வந்த காலம் உண்டு. மரப்பட்டையாலேயே பிரேக்கா என்று சிரிப்பார்கள். கார்பனில் அது நன்றாகவே பிடித்தது, என்ன, சீக்கிரம் தேய்ந்துவிடும்.

என்வி இதில் கவனிக்க வேண்டிய கதை. ஒரே நிறுவனம்தான், ஆனால் வழுவழுப்பான பட்டை உள்ள பழைய ரிம்முக்குக் கறுப்புக் கட்டை, சொரசொரப்பு வரி போட்ட பிந்தைய ரிம்முக்குச் சாம்பல் நிறக் கட்டை. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஸ்டிக்கரை மட்டும் பார்த்தால் போதாது; விரலை வைத்துப் பட்டையைத் தடவிப் பார்க்க வேண்டும்.

பெயரில்லாத சக்கரம் என்றால் என்ன செய்வது? சீனாவிலிருந்து நேரடியாக வரும் ரிம்கள் பலவற்றோடு நாலு கட்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்புவார்கள். அவற்றை மலையில் நம்பி இறங்க என் மனம் ஒப்பவில்லை. விற்றவரிடம் டி.ஜி. எண்ணையும், எந்தக் கட்டையில் சோதித்தார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். பரிந்துரை எதுவும் இல்லாத கார்பன் ரிம்முக்கு நான் ஸ்விஸ்ஸ்டாப் நிறுவனத்தின் பிளாக் பிரின்ஸ் கட்டையைப் போடுகிறேன். அதற்கு முந்தைய யெல்லோ கிங்கும் கார்பனுக்கானதுதான், பெரிய அணிகள் பல ஆண்டுகள் அதில்தான் ஓடின. மழையில் எனக்கு பிளாக் பிரின்ஸ் மேல்.

நிறத்தை நம்பாதீர்கள்

கடையிலும் இணையத்திலும் பெரும்பாலோர் நிறத்தைச் சொல்லித்தான் கட்டை கேட்கிறார்கள். 'மஞ்சள் கார்பனுக்கு, பச்சை அலுமினியத்துக்கு' என்று மனப்பாடம் வேறு. மஞ்சளும் பச்சையும் ஸ்விஸ்ஸ்டாப்பில் அப்படித்தான். ஆனால் அதே ஸ்விஸ்ஸ்டாப்பின் நீலமான பி.எக்ஸ்.பி. அலுமினியத்துக்கு, ரெய்னால்ட்ஸின் நீலம் கார்பனுக்கு. பிளாக் பிரின்ஸ் கறுப்பு, கார்பனுக்கு. ஒரிஜினல் பிளாக்கும் கறுப்பு, ஆனால் அலுமினியத்துக்கு! கூல்ஸ்டாப்பின் புகழ்பெற்ற சால்மன் இளஞ்சிவப்பு, அது அலுமினியத்துக்கு. காம்பக்னோலோவின் சிவப்பு, அது கார்பனுக்கு.

ஆகவே நிறத்தைப் பார்க்காமல் பெட்டியில் அச்சிட்ட பெயரைப் படியுங்கள். 'எல்லாம் ஒரே ரப்பர்தான் சார்' என்று ஒரு கடையில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வடிவமும் முக்கியம்

கட்டை என்பது ரப்பர் பகுதி மட்டும். அது உட்காரும் உலோகக் கூடுதான் ஹோல்டர். ஷிமானோ, ஸ்ராம் பிரேக்குகளின் ஹோல்டருக்கு ஒரு வடிவம், காம்பக்னோலோவுக்கு வேறு. ஸ்விஸ்ஸ்டாப்பில் முதல் வகைக்கு 'ஃபிளாஷ் ப்ரோ', காம்பக்னோலோவுக்கு 'ரேஸ் ப்ரோ' என்று பெயர். இங்கே பார்க்க வேண்டியது உங்கள் பிரேக் எந்தக் கம்பெனி என்பதை, சக்கரத்தை அல்ல. போரா சக்கரத்தை ஷிமானோ பிரேக்கில் ஓட்டுகிறவர், போராவுக்கான கலவையை ஷிமானோ வடிவத்தில் தேட வேண்டும். பாக்கெட்டில் இரண்டு இருக்கிறதா நாலு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு என்றால் ஒரு சக்கரத்துக்குத்தான் ஆகும்.

மாட்டுவது

தேவைப்படுவது: எல்-கீ செட், உப்புத்தாள், சுத்தமான துணி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு விசிட்டிங் கார்டு. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள், வேலை பாதியாகிவிடும். ஹோல்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்றினால் தரையில் விழுந்து காணாமல் போகும். பழைய கட்டையைப் பின்பக்கமாக இழுத்து எடுங்கள். வராமல் அடம்பிடித்தால் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு, குறட்டால் மெதுவாக இழுக்கலாம். எண்ணெய் மட்டும் போடாதீர்கள்.

புதுக் கட்டையில் இடது, வலது, முன்பக்கம் என்று குறியிருக்கும், அதன்படி தள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஹோல்டரின் மூடிய முனை சைக்கிளின் முன்பக்கம், திறந்த வாய் பின்பக்கம். பிரேக் பிடிக்கும்போது சுழலும் ரிம் கட்டையை முன்னே இழுக்கும். மூடிய முனை முன்னே இருந்தால் கட்டை அதில் முட்டி நிற்கும். மாறிப்போனால், முழு வேகத்தில் பிடிக்கும்போது கட்டை ஹோல்டரிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும். சின்னத் திருகு ஒன்றுதான் அதற்குக் காவல் என்று விட்டுவிடக் கூடாது.

சக்கரத்தை மாட்டிவிட்டு உயரத்தைப் பாருங்கள். பிரேக்கைப் பிடித்தால் கட்டை முழுவதும் பட்டைக்குள் உட்கார வேண்டும். மேல் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டராவது கீழே இருக்கட்டும். டயரைத் தொட்டால் பக்கச்சுவரைத் தின்று ஓட்டை போடும். பட்டைக்குக் கீழே இறங்கினால் அங்கே பிரேக்குக்காகச் செய்யாத கார்பனை அரைக்கும். கட்டை தேயத் தேய அது ரிம்மைத் தொடும் இடமும் மாறும், அதனால் மாதம் ஒருமுறை இதைத் திரும்பப் பாருங்கள்.

அப்புறம் சாய்வு. கட்டையின் முன்நுனி முதலில் தொட்டு, பின்நுனி ஒரு நூல் விலகியிருந்தால் கீச்சிடல் குறையும். பின்நுனிக்கும் ரிம்முக்கும் நடுவே விசிட்டிங் கார்டை வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஹோல்டரின் போல்ட்டை இறுக்குங்கள். ஷிமானோவுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். இறுகும்போது ஹோல்டர் தானும் சேர்ந்து திரும்பப் பார்க்கும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இது மூன்று முயற்சிக்குக் குறைந்து ஒருநாளும் அமைந்ததில்லை.

பழைய அலுமினிய ரிம் 19, 20 மில்லிமீட்டர் அகலம். இன்றைய கார்பன் ரிம் 25ஐத் தாண்டும். அப்படியே மாட்டினால் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டே இருக்கும். பிரேக்கில் இருக்கும் விரைவு விடுப்பு லீவரைத் திறந்துவிட்டுச் சமாளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சக்கரம் கழற்றுவதற்கானது, ஓட்டும்போது திறந்திருக்கக் கூடாது. கேபிளைத் தளர்த்தி மறுபடி பூட்டுவதுதான் முறை.

பழக்கி எடுப்பது

புதுக் கட்டையோடு நேராக மலைக்குப் போகாதீர்கள். ரிம்மை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, கட்டையின் மேல்தோலை உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து, ஆளில்லாத சமதளச் சாலைக்குப் போங்கள். 30 கிலோமீட்டர் வேகம் எடுத்து, 10 வரை மெதுவாகக் குறையுங்கள், முழுக்க நிற்க வேண்டாம். இப்படி இருபது, முப்பது முறை. நடுவில் ரிம் ஆறட்டும். ஆரம்பத்தில் வழுக்குகிற மாதிரி இருக்கும். கட்டையின் மெல்லிய படிவம் ரிம்மில் சீராகப் படிந்த பிறகு பிடி இறுகுவது லீவரிலேயே தெரியும்.

மலை இறங்கும்போது

எவ்வளவு நல்ல கட்டை போட்டாலும் விடாமல் உரசிக்கொண்டே இறங்கினால் ரிம் தாங்காது. பயந்த சுபாவம் உள்ளவர்கள் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே 20 கிலோமீட்டரில் இறங்குவார்கள். பாதுகாப்பு என்று நினைப்பு. கணக்குப் போட்டால் தலைகீழ். பத்து சதவீதச் சரிவில் 20இல் போனால் வெளியாகும் ஆற்றலில் காற்று எடுப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் பெரும்பாலும் ரிம்முக்கு. 45இல் போனால் காற்றே ஐந்தில் இரண்டு பங்கு வாங்கிக்கொள்ளும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விடச் சொல்லவில்லை. நேரான இடத்தில் விட்டு, வளைவுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து காற்றை மார்பில் வாங்கி, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகச் சில நொடி பிடித்து, வளைவுக்குள் நுழையும் முன் விட்டுவிட வேண்டும். பிடி, விடு. விடும் நேரத்தில்தான் ரிம் ஆறுகிறது. கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் பாதையில் அப்படி விடுவதற்கு நீளமே கிடைக்காது. அங்கே நான் அலுமினிய சக்கரத்தோடு போகிறேன், அதற்குரிய கட்டையோடு. நீங்கள் 90 கிலோவுக்கு மேல் இருந்தாலோ, மூட்டை கட்டிக்கொண்டு பயணம் போனாலோ இதையே செய்யுங்கள். கார்பனில்தான் போவேன் என்றால் பாதி வழியில் நின்று ஒரு டீ குடியுங்கள். நின்றதும் ரிம்மைத் தொட்டுப் பார்க்காதீர்கள், சுடும்.

லேட்டக்ஸ் டியூப் மெலிதாக, வேகமாக இருக்கும். ஆனால் ரிம் பிரேக் உள்ள கார்பன் கிளின்ச்சருக்கு அது வேண்டாம் என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன, காரணம் இதே வெப்பம். சாதாரண பியூட்டைல் டியூப் போடுங்கள். ரிம்மில் எழுதிய அளவுக்கு மேல் காற்றும் அடிக்காதீர்கள்.

மழையில் முதல் பிடியில் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கிறது, பிறகுதான் பிடிக்கிறது. வளைவுக்கு வெகு முன்பே இரண்டு முறை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்து வையுங்கள்.

எப்போது மாற்றுவது

வாரம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிக் கட்டையின் முகத்தைப் பாருங்கள். மணலோ துகளோ புதைந்திருந்தால் ஊசியால் தோண்டி எடுங்கள். முகம் கண்ணாடி போல மின்னினால் உப்புத்தாளில் தேயுங்கள். கட்டையில் வெட்டியிருக்கும் பள்ளக் கோடுகள் மறைந்தால் மாற்ற வேண்டிய நேரம். கோடு மறைந்தும் 'இன்னும் ஒரு மாதம்' என்று இழுத்தால் ஹோல்டரின் உலோகம் ரிம்மைத் தொடும், அதன் பிறகு செலவு சக்கரத்துக்கு.

ரிம்மும் தேயும். நேரான ஸ்கேலைப் பட்டையின் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் பள்ளம் தெரிந்தால் தேய்மானம். ஒரு நாணயத்தால் ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே 'டிக் டிக்' வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் அமுங்கினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம், ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

இரண்டு வகைச் சக்கரமும் வைத்திருப்பவர்கள் ஹோல்டரோடு சேர்த்து இரண்டு செட் வாங்கிவிடுங்கள். ஒரு போல்ட் கழற்றினால் மாற்றிவிடலாம், உயரத்தையும் சாய்வையும் மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். என்னுடைய கார்பன் செட் இப்போது கார்பன் முன் சக்கரத்தின் ஸ்போக்கிலேயே ஒரு துணிப்பையில் தொங்குகிறது. அந்தப் பையைக் கழற்றாமல் சக்கரத்தை மாட்ட முடியாது.